வரிசைக்கு வெளியே ஒரு புள்ளி

இரண்டு புள்ளிகள் இருந்தால் போதும், ஒரு கோடு கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் இருப்பார்கள். எனக்கு அப்படி மறக்க வாய்க்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருக்கிறேன். புள்ளிகளைத் தேடிப் பிடிப்பது, அவற்றைக் கோடாக இணைப்பது, மண்ணுக்கு அடியில் நிலக்கரி எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று கணக்குப் போடுவது, இதுதான் என் பிழைப்பு. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறேன்.

இந்த வேலைக்கு நானாக வரவில்லை. என் கணவர்தான் இங்கே சர்வேயர். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்து, மகளும் பிறந்தாள். அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், காலை ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை பிடிக்காது. "மேடத்துக்கு அந்த கோட்டாவுல கிடைச்ச வேலை" என்று யாராவது பேசுவது காதில் விழுந்தால், அன்றைக்கு அவர் கொண்டுவரும் கணக்கில் பிழை கண்டுபிடிக்காமல் நான் சாப்பிடப் போனதில்லை. பிரிவில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

புள்ளிக்கு நீளம் கிடையாது, அகலம் கிடையாது, கனம் கிடையாது, இருக்கும் இடம் மட்டும்தான் உண்டு என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றுமே இல்லாத ஒன்றுக்கு இடம் மட்டும் எதற்கு என்று எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. வேலைக்கு வந்த பிறகு புள்ளி என்பது கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக மாறிவிட்டது. சிமென்ட் கட்டையின் தலையில் அடித்த ஆணிதான் புள்ளி. அதைச் சுற்றி முள் வெட்டலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், ஆடு முட்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மகள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன பிறகு, கல்லூரியில் சொன்னதுதான் சரியென்று பட்டது. சாயங்காலம் பேருந்து தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். கதவைத் திறந்தால், காலையில் நான் காப்பி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த ஆளில்லை. நாற்காலியில் விழுந்து கிடக்கும் துண்டு, ஜன்னலில் பாதி இழுத்த திரை, எல்லாமே நான் விட்ட நிலையில் எனக்காகக் காத்திருக்கும். நீளம், அகலம், கனம் எல்லாம் போய், இன்ன பிளாக், இன்ன தெரு, இன்ன வீடு என்ற இடம் மட்டும் மிச்சமாக நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த ஊரில் தனிமைக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்கே யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை. மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, கணவர் இறந்தபோது ஒரு வாரம் எனக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இப்போது இரண்டு பக்கமும் சின்ன வயதுக் குடும்பங்கள். "ஆன்ட்டி, கரன்ட் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் அதோடு பேச்சு முடிந்தது. மரம் மட்டும் தெருவை நிறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். மூன்று பேரும் நீல நிற சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இடது பக்கம் மகள், வலது பக்கம் மருமகன், நடுவில் யு.கே.ஜி. படிக்கும் பேத்தி. மருமகன் "எப்படி இருக்கீங்க அத்தை?" என்று மறக்காமல் கேட்பார். பேத்தி அந்த வாரம் வரைந்த யானையைக் கேமராவில் இடிக்கிற மாதிரி காட்டுவாள். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முடிக்கும்போது மகள், "ரிட்டயர் ஆனதும் இங்க வந்துடும்மா" என்பாள். நான் "பார்க்கலாம்" என்பேன்.

இந்தப் பார்க்கலாமை மூன்று ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தென்காசியில் எனக்கென்று ஒன்றும் இல்லை. போவதற்கு இருந்த இடம் மகள் வீடு ஒன்றுதான். ஆனால் அவள் உண்மையாகவே கூப்பிடுகிறாளா, பெற்றவளைக் கூப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று கூப்பிடுகிறாளா என்பது எனக்குப் பிடிபடவில்லை. நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டு, அவள் ஒரு நொடி தயங்கிவிட்டால், அந்தத் தயக்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கூடவே என் வேலைப் புத்தி வேறு. மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு தளம்தான் போக முடியும். அதனால்தான் எங்கள் கருவிக்கு மூன்று கால் வைத்திருக்கிறார்கள். மேடோ பள்ளமோ சரளையோ, எதில் நிறுத்தினாலும் மூன்று காலும் தரையைத் தொட்டு நிற்கும். நாலு கால் நாற்காலியை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு கால் அந்தரத்தில் தொங்கும். நாலாவது புள்ளி மற்ற மூன்றின் தளத்திலேயே வந்து விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீல சோபாவில் மூன்று பேர் அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவதாக நான் போய் நின்றால் வீடு ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைப்பதுபோல, எனக்காக அவர்கள் எதையாவது மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. அதைவிட டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் ஒரு சின்ன போர்ஷனை வாடகைக்குப் பிடித்துத் தனியாகவே இருந்துவிடலாம் என்று இரண்டு மூன்று வீடுகள் பார்த்தும் வைத்திருந்தேன்.

போன மாசியில் கம்மாபுரம் பக்கத்து வேலை ஒன்று வந்தது. பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி ஒரு பெரிய பலகை மாதிரி படுத்திருக்கிறது. பலகை மட்டமாக இல்லை, கொஞ்சம் சாய்வாக இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்று தெரிந்துகொள்ளத் துளை போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துளையும், இந்த இடத்தில் இத்தனை ஆழத்தில் கரி ஆரம்பிக்கிறது என்று சொல்லும். அதாவது பலகையின் மேல் ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளிகளை வைத்துப் பலகையைக் கண்டுபிடிப்பது எங்கள் பிரிவின் வேலை.

எங்கள் அதிகாரி ஈரோட்டுக்காரர், என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். கணக்குத் தாளோடு வந்தார்.

"மேடம், ஏழெட்டு போர் போட்டிருக்காங்க. ஆழமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு அப்படியே ஒத்து வருதுங்க. சாய்வு போட்டுடலாமுங்களா?"

வரைபடத்தைப் பார்த்தேன். துளைகள் எல்லாம் தார் ரோட்டை ஒட்டி, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே வரிசையில் போயிருந்தன. காரணம் சாதாரணமானது. துளை போடும் வண்டி லாரியைவிடக் கனம், ரோடு இருக்கும் இடத்தில்தான் நிற்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பயிர் நின்றது. வயலுக்குள் துளை போட்டால் நாளைக்கு நிலம் போய்விடும் என்று ஜனங்களுக்குப் பயம், யாரும் விடுவதில்லை. அதனால் வண்டிக்காரர்கள் ரோட்டோடு போய், ரோட்டோடு திரும்பியிருந்தார்கள். இந்த ஊரில் அடிக்கடி நடக்கிற கூத்துதான் இது.

"இதை வச்சுச் சாய்வு சொல்ல முடியாது சார்" என்றேன்.

"ஏனுங்க? மூணு புள்ளி இருந்தாப் போதும்னு நீங்கதானே சொல்வீங்க. இங்க ஏழெட்டு இருக்குதுங்களே."

எதிரே இருந்த அவர் அறைக் கதவைக் காட்டினேன். கதவு இரண்டு கீலில் தொங்குகிறது. இரண்டு கீலும் இரண்டு புள்ளிகள், அவை சேர்ந்து ஒரு கோடு. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு கதவு திறந்தும் நிற்கும், மூடியும் நிற்கும், பாதியிலும் நிற்கும். நடுவில் இன்னும் பத்துக் கீல் வரிசையாக அடித்தாலும் கதவு ஆடத்தான் செய்யும். ஒரு கோட்டின் வழியாக எத்தனை தளம் வேண்டுமானாலும் போகலாம். தாழ்ப்பாள் போட்டால்தான் கதவு ஒரு நிலையில் நிற்கும். அந்தத் தாழ்ப்பாள் கீலின் வரிசையில் இருக்காது, வெளியே தள்ளித்தான் இருக்கும். மூன்று புள்ளி போதும் என்று சொல்லும்போது, ஒரே கோட்டில் அமையாத மூன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பின்பாதியை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள்.

"ரோட்டோட போனா எவ்வளவு சரிவுன்னு இது சொல்லும். ரோட்டுக்குக் குறுக்கே எப்படின்னு சொல்லாது. ரோட்டை விட்டு இறங்கி ஒண்ணே ஒண்ணு போட்டாப் போதும்" என்றேன்.

"யாரும் உள்ள விட மாட்டேங்கறாங்களே. நீங்க வேணா ஒருக்கா போய்ப் பேசிப் பாருங்களேன் மேடம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் புதன்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரோட்டிலிருந்து வரப்பு வழியாக நல்ல தூரம் நடக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் வேர்க்கடலைச் செடி, இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். நடுவில் ஓட்டு வீடு ஒன்று தனியாக நின்றது. வாசலில் என் வயதுள்ள ஒரு அம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு? மைன்ஸ்லேர்ந்தா?"

"ஆமாம்மா."

"போங்க, போங்க. குழி போடறம்னு சொல்லிகினு வருவீங்க. அப்பறம் நெலத்த எழுதி வாங்கிகினு பூடுவீங்க."

எனக்குச் சமாதானம் சொல்லிப் பழக்கமில்லை. "இப்ப நிலத்தை எடுக்க வரலைம்மா. அடியில கரி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாக்கணும், அவ்வளவுதான். நாளைக்கு எடுப்பாங்களா மாட்டாங்களான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் தழையைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் எடுக்கவே மாட்டம்னு தலையில அடிச்சி சொன்னாங்க. நீங்க தெரியாதுன்றீங்க. குந்துங்க, தண்ணி கொண்டாறன்."

சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவரும் எதிரில் உட்கார்ந்தார். நிலத்தைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால் என்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளை, வீட்டுக்காரர் என்ன வேலை. அவர் இல்லை என்றேன். ஒரே பெண், பெங்களூரில் இருக்கிறாள் என்றேன்.

"பொண்ணு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்காம்மா. வாராவாரம் பாத்துப் பேசுறேன்."

"எம் பையனும் அப்பிடித்தான். நெல்லிக்குப்பத்துல சக்கர ஆலையில வேல. ஞாயித்துக்கெயமன்னா பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுகினு வந்துடுவான். அன்னிக்கி வந்து பாத்தீங்கன்னா வூடு நெறைஞ்சிகினு இருக்கும். பாக்கறவங்க எல்லாம் உனக்கு இன்னாம்மா கொறைன்றாங்க. மத்த நாள்ல வந்து பாக்கறது யாரு? மூணு நாளா இந்த ஆட்டுக்கிட்டதான் பேசிகினு இருக்கன்."

ஆடு தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்ததுபோல நிமிர்ந்து பார்த்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் எழுந்தபோது, "மல்லாட்ட புடுங்கனதுக்கு அப்பறம் வந்து ஓரமா போட்டுக்குங்க. செடிய மெறிச்சா வுட மாட்டன். நீங்களே வரணும். வேற ஆள அனுப்பனா வோணாம்" என்றார். வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்தப் பெருமை ஜீப் சுரங்க ரோட்டுக்கு வருவதற்குள் வடிந்துவிட்டது. வாராவாரம் பாத்துப் பேசுறேன் என்று நான் சொன்னது எனக்கே உறுத்த ஆரம்பித்தது. எப்போது பார்க்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை. எத்தனை மணிக்கு? ஆறு மணிக்கு. எங்கே? அதே சோபாவில். மூன்று ஆண்டாக வாரம் ஒரு துளை போட்டிருக்கிறேன், எல்லாம் ரோட்டை ஒட்டி ஒரே வரிசையில். ஆழமெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்து வருகிறது. இதை வைத்துக்கொண்டு மகளின் வீடு இப்படித்தான் என்று முடிவு கட்டி, அந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்றும் முடிவு கட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் இப்படி ஒருவர் கணக்கைக் கொண்டுவந்தால் தாளை முகத்தில் விட்டெறியாத குறையாகத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் கூப்பிட ஒரு காரணம் வேண்டுமே, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். எடுத்தது பேத்தி.

"பாட்டி! இன்னைக்கு சண்டேவா?"

"இல்லடா தங்கம், புதன்கிழமை."

"அப்ப எதுக்குப் பண்றீங்க?"

"சும்மாதான். அம்மா எங்கடா?"

"ரூம்ல மீட்டிங். கதவைத் தட்டக் கூடாது."

"அப்பா வந்தாச்சா?"

"அப்பா சண்டேதானே வருவாரு."

வெளியூர் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். "எங்கேருந்துடா வருவாரு?"

"அவர் வீட்டுலேருந்து" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

குழந்தையைத் துருவிக் கேட்பது அசிங்கம். யானை வரைந்தாயா என்று கேட்டேன். இப்போது ஒட்டகச்சிவிங்கி என்றாள். சமர்த்தாக இரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பெற்ற தாயிடம் இப்படியா மறைப்பாள்? பிறகு கோபத்துக்கு அடியில் இருந்தது மெதுவாக மேலே வந்தது. அவள் தனியாக இருக்கிறாள். தனியாக ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலை பார்க்கிறாள். அதை நான் இங்கே பத்து வருடம் செய்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அதிகாரிக்குப் போன் செய்து லீவு சொன்னேன். "உடம்புக்கு என்னங்க மேடம்?" என்று பதறினார். நான் லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை. விழுப்புரம் போய், அங்கிருந்து திருவண்ணாமலை வழியாகப் பெங்களூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மகளுக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸில் எனக்கு ஒரு புதுக் கவலை பிடித்துக்கொண்டது. அவள் வந்துவிடு வந்துவிடு என்று கூப்பிட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அப்போதெல்லாம் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்து நடித்திருக்கிறார்கள் என்றால், அந்த அழைப்பும் நடிப்பின் ஒரு பகுதிதானே? சந்தோஷமான குடும்பத்துப் பெண் அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவாள் என்று கூப்பிட்டிருக்கலாம். நான் வர மாட்டேன் என்ற தைரியத்தில் கூப்பிட்டிருக்கலாம். அவள் மறைத்தது நிஜம், கூப்பிட்டதும் நிஜம். இந்த இரண்டையும் வைத்து எந்தக் கோடு போட்டாலும் அது என்னை வேண்டாம் என்கிற பக்கமே போனது. கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அவள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவளைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வீடியோவில் உள்ளங்கை அளவில், அலங்கரித்துக்கொண்ட முகத்தைத்தான் பார்க்கிறோம். எலும்பும் தோலுமாக, பழைய நைட்டியில், தலையைத் தூக்கி முடிந்துகொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. கடைசியில், "சொல்லியிருந்தா வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வச்சிருப்பேனேம்மா" என்றாள்.

"அதனாலதான் சொல்லல" என்றேன்.

உள்ளே நீல சோபா இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. போனை நிறுத்தி வைப்பது அந்தப் பக்கத்தில் என்பதால் அது படத்தில் வராது. அங்கே புத்தக அலமாரி பாதி காலியாக நின்றது. மடிக்காத துணி ஒரு மலை. அதன் அருகில் தரையில் ஒரு மெத்தை, அம்மாவும் பெண்ணும் அங்கேதான் படுக்கிறார்கள் போலிருந்தது. பேத்தி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். நான் துணியை மடிக்க உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, அவளும் தரையில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"யார் சொன்னா?"

"உன் மகதான். அவளைத் திட்டாதே. எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சண்டையெல்லாம் இல்லம்மா. ஒத்துவரல, அவ்வளவுதான். குழந்தைக்காக வாரத்துக்கு ஒரு தடவை வர்றாரு."

"என்கிட்ட எதுக்கு மறைச்சே?"

"நீ அங்க நிம்மதியா இருந்த. வேலை உண்டு, வீடு உண்டுன்னு யாரையும் எதிர்பார்க்காம இருந்த. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நல்ல புடவை கட்டிக்கிட்டு, பளிச்சுன்னு லைட்டுக்குக் கீழ உக்காந்து சிரிக்கிற. அந்த அரை மணி நேரத்துல இதைச் சொல்லி உன் நிம்மதியைக் கெடுக்கணுமான்னு இருந்துச்சு."

நான் கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். நான் போட்ட துளைகளை அவளும் அந்தப் பக்கத்திலிருந்து போட்டிருக்கிறாள், அதே கிழமையில், அதே மணிக்கு. லைட்டுக்கு வெளியே இருட்டில் கிடந்த ஹாலை அவள் பார்த்ததில்லை. நகர்த்த ஆளில்லாத டம்ளரை அவள் பார்த்ததில்லை.

பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்ததைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நேரம் தள்ளினால் தைரியம் போய்விடும்.

"அப்ப ரிட்டயர் ஆனதும் வந்துடுன்னு கூப்பிட்டதெல்லாம் எதுக்கு? அவர் பக்கத்துல இருக்காரு, பாக்கிறதுக்கு நல்லா இருக்கணும்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் பயந்துகொண்டிருந்த தயக்கம் அதில் இல்லை. கண் நிறைந்துகொண்டு வந்தது.

"நல்லா இருக்கிறதுக்கா? வருஷக்கணக்காவா ஒருத்தி அதுக்குக் கூப்பிடுவா? நீ ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லும்போது, என்கூட இருக்க உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். அவரு போனப்புறம் உன்னையும் வற்புறுத்திக் கூப்பிட பயமா இருந்துச்சு. நீயும் வேண்டாம்னு நேராச் சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தனியா இருக்க முடியலம்மா."

"எனக்கும்தான்" என்றேன். அவள் அப்பா போன நாளிலிருந்து இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.